மறைக்கத் தெரியாத மாயாவி

காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியை நம்மில் பலர் குலதெய்வத்துக்கு அடுத்த படியில் வைத்திருக்கிறோம். தவறில்லை. ஆனால் ஒரு சின்னக் கேள்வி. உடம்பு மறைகிறது, போட்டிருக்கும் கோட்டும் சப்பாத்தும்கூட மறைகின்றன. கை மட்டும் ஏன் அந்தரத்தில் மிதக்கிறது? துணிக்குப் பொருந்தும் பௌதிகம் இரும்புக்குப் பொருந்தாதா? ஒளிவதையே தொழிலாகக் கொண்ட மனிதர், போகிற இடமெல்லாம் விசிட்டிங் கார்டை நீட்டிக்கொண்டே போகிறார்!

ஆளின் பூர்வீகத்தைக் கிளறினால் இன்னும் விசேஷம். 1962 ஒக்டோபரில் 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வாராந்தச் சித்திரக்கதை இதழில் பிறந்தவர். எழுதியவர் கென் புல்மர். வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர். அசல் பெயர் லூயிஸ் கிராண்டேல். உத்தியோகம், பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வுகூடத்தில் எடுபிடி. முதல் விபத்தில் கை போய் இரும்புக்கை வந்தது, அடுத்த விபத்தில் ஷாக் அடித்து உடம்பே காணாமல் போனது. இப்பேர்ப்பட்ட வரம் கிடைத்ததும் நம் வீரர் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? கொள்ளை! நியூயோர்க் நகரத்தையே மிரட்டும் அளவுக்கு வளர்ந்தார். பிறகு, "பாவம், விபத்தில் புத்தி கலங்கிவிட்டது" என்று மன்னித்து, நிழற்படையில் உளவாளி வேலையும் போட்டுக் கொடுத்தார்கள். கேஸ் உள்ள ஆளுக்குப் பதவி கொடுப்பது நம் நாட்டுக் கண்டுபிடிப்பு என்று யாரும் பெருமைப்பட வேண்டாம்.

1972இல் சிவகாசியில் சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கி, முதல் இதழிலேயே இவரை இறக்கினார். ஷாக் அடித்தால்தான் வேலை செய்கிற ஹீரோ, பட்டாசு ஊரில் மறுபிறவி எடுத்தார். ஜாதகப் பொருத்தம் பத்துக்குப் பத்து.

ஷாக்! அங்கேதான் சிக்கல். மாயாவி மறைய வேண்டுமென்றால் கரண்ட் வேண்டும். லண்டனில் எந்தச் சுவரைத் தடவினாலும் பிளக் பொயின்ட் கிடைக்கும். அதே 1972இல் இவரைத் தோணியில் ஏற்றி, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இறக்கிவிட்டிருந்தால்? வயலும் வாடியும் குப்பி விளக்குமாய்க் கிடந்த ஊர்களில் எதற்குள் விரலை விடுவார்? பின்னால் வில்லன் துரத்த, "தம்பி, கிட்டடியில எங்கயாவது கரண்ட் இருக்கா?" என்று கேட்டபடி வரம்பில் ஓடியிருப்பார். ஒருவழியாக எழுவான்கரைக்கு வந்து சேர்ந்தாலும், 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி வந்து கம்பங்களையெல்லாம் படுக்கவைத்துவிட்டது. அதற்குப் பிறகு மாயாவி வெறும் லூயிஸ்தான்.

எங்கட மட்டக்களப்பு ஆட்கள் இவரைப் பார்த்து அசந்திருக்கவும் மாட்டார்கள். மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தார் காலங்காலமாக நடுங்கிய மந்திரபூமி இது. உண்மையில் ஒட்டவைத்தது எது? பெண்ணுக்கு வீடு வளவு, மாப்பிள்ளைக்கு எருமைத் தயிர். இதைவிட்டு எவன் எழும்பிப் போவான்? பழியை மந்திரத்தின் தலையில் கட்டினால் ஊரில் இருக்கிற அம்மாவுக்குப் பதில் சொல்வது லேசு.

மாயாவி பெயரில் ஒரு சயன்ஸ் ஃபிக்‌ஷன் படம் வருகிறது, வருகிறது என்று பல வருடமாகப் பேச்சு. இயக்குநர் லோகேஷ் கனகராஜின் கனவுப் படமாம். சூர்யா பெயரும் அடிபட்டது. இதற்கிடையில் லோகேஷ் கைதி எடுத்தார், மாஸ்டர் எடுத்தார், விக்ரம், லியோ, கூலி எல்லாம் எடுத்தார். மாயாவி? கதை, காட்சி, நடிகர் எல்லாம் மறைந்து, தலைப்பு மட்டும் அந்தரத்தில் மிதக்கிறது. காமிக்ஸுக்கு இவ்வளவு விசுவாசமான படத்தை ஹொலிவுட்டில்கூட யாரும் எடுத்ததில்லை.

இத்தனைக்கும் தமிழ் சினிமா 1963லேயே விண்வெளிக்குப் போய் வந்துவிட்டது. 'கலை அரசி' ஞாபகம் இருக்கிறதா? விஞ்ஞானத்தில் கொடிகட்டிப் பறக்கும் வேற்றுக்கிரகவாசிகளுக்குப் பாட்டு மட்டும் வரவில்லை. பூமிக்கு வந்து பானுமதியைக் கடத்திக்கொண்டு போகிறார்கள், பின்னாலேயே எம்.ஜி.ஆர். போகிறார். அடப்பாவிகளா, அவ்வளவு தூரம் வந்தவர்கள் பௌர்ணமி இரவில் மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தடிக்கு வந்திருக்கலாமே! மீன் சும்மாவே பாடும். எம்.ஜி.ஆரிடம் அடி வாங்கும் செலவும் மிச்சம்.

நிஜமான மாயாவி அந்தப் பாடும் மீன்தான். குரல் மட்டும் கேட்கும், ஒரு செதிள்கூடத் தெரியாது. கரண்டும் தேவையில்லை, நிலவு போதும்.

அதையும் ஒரு துரை துப்பறிந்தார். அன்றைய இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட். 1848 ஜூலையில் மாத்தளையில் கலகம் வெடித்தது. ஓகஸ்டில் கலகத் தலைவர்களில் ஒருவரான புரன் அப்புவைச் சுட்டுக் கொன்றார்கள். லண்டனில் நாடாளுமன்ற விசாரணை காத்திருந்தது. செப்டம்பரில் ஐயா எங்கே? மட்டக்களப்புக் கோட்டை வாசல் துறையிலிருந்து 200 யார் தள்ளி, நிலவில் தோணியில் குந்தி, அதன் பலகையில் காதை ஒட்டிக்கொண்டிருக்கிறார்! ஈரவிரலால் வைன் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தாற்போல் மெல்லிய ஒலிகள் கேட்டனவாம். ஊர் எரியும்போது பிடில் வாசித்தார் என்று ரோமாபுரி மன்னனைத் திட்டுகிறோம். இவர் வாசிக்கக்கூட இல்லை, கேட்டுக்கொண்டிருந்தார்.

உடன் வந்த மீன்பிடிகாரரிடம், எந்த மீன் பாடுகிறது என்று விசாரித்தார் துரை. மீனாவது பாடுவதாவது, அது ஊரி என்கிற நீர்நத்தை என்றார்கள். உயிரோடு சிலவற்றை அள்ளி வந்தும் கொடுத்தார்கள். துரையும் பவ்வியமாகப் புத்தகத்தில் எழுதி வைத்தார். ஊரில் யார் கேட்டார்கள்? மீன்பாடும் தேன்நாடு என்ற பட்டம் மீனுக்கே போனது. அவர்கள் சொன்னது சரியென்றால், உள்ளே இருந்து பாடுவது ஊரி, வாயசைத்துப் பெயர் வாங்குவது மீன். டி.எம்.எஸ்.ஸுக்கும் எம்.ஜி.ஆருக்கும் இருந்த அதே ஏற்பாடுதான். என்ன, ஊரிக்கு டைட்டிலில்கூடப் பெயர் போடவில்லை.