ஒலிப்பதிவுச் செம்மல்

முனைவர் பட்ட ஆய்வாளர்களில் பல ரகம் உண்டு. நூலகத்தில் தூங்குபவர், நெறியாளர் வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் புக் செய்து கொடுப்பவர், ஆண்டுக்கொரு தலைப்பு மாற்றுபவர். இவர்களைப் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். செல்போன் கொள்ளாத அளவுக்கு நேர்காணல்களைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, அதை உட்கார்ந்து கேட்டு எழுத ஆள் தேடி அலைகிறவரை மட்டும் ஏனோ யாரும் கண்டுகொள்வதில்லை.

நம்மவர் ஒரு கலைக்கல்லூரியில் உதவிப் பேராசிரியர். பகுதிநேர ஆய்வு. தலைப்பு, ‘காவிரி டெல்டாவில் வேளாண் கூலிப் பெண்களின் வாழ்வியல் – ஓர் ஆய்வு’. அந்த ‘ஓர் ஆய்வு’ இல்லாவிட்டால் நாவல் என்று நினைத்து யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயம்.

களப்பணி என்றால் அவருக்கு உயிர். தொப்பி, தண்ணீர் பாட்டில், கழுத்தில் அடையாள அட்டை. வரப்பில் நடப்பது போல ஒரு படம், நாற்றுக் கட்டைத் தொட்டுப் பார்ப்பது போல ஒரு படம், இரண்டும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறிய பிறகே முதல் கேள்வி. ‘தாங்கள் கூறும் தகவல்கள் இரகசியமாகப் பாதுகாக்கப்படும்’ என்று அச்சடித்த தாளில் ஒவ்வொரு தகவலாளியிடமும் கைநாட்டோ கையெழுத்தோ வாங்கிவிடுவார். அதன் பிறகு அந்த அம்மா பேசுவார். நம்மவர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். போனில் வேறெதையும் பார்க்கவில்லை, பாவம். பதிவு ஓடுகிறதா, நிமிடம் ஏறுகிறதா என்றுதான் கவனம். மற்றதை வீட்டில் போய்க் கேட்டுக்கொள்ளலாமே.

வீட்டில் போய் யார் கேட்டார்கள்? ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்கக் கைதேர்ந்தவருக்கே நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். அதுவும் அமைதியான அறையில் ஒருவர் பின் ஒருவராகப் பேசினால். நம்மவர் பதிவிலோ பின்னால் பம்புசெட் ஓடுகிறது, கோழி கத்துகிறது, கேட்ட கேள்விக்குப் பக்கத்து வீட்டு அம்மா பதில் சொல்கிறார். நாற்பது பதிவுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தார். போட்ட காகிதத்தை மடித்து ஃபைலில் வைத்துவிட்டு, ‘தரவு சேகரிப்பு முடிந்தது’ என்று நெறியாளருக்குச் செய்தி அனுப்பினார்.

ஆறு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும், மறுபதிவு செய்தால் அதிகம் போனால் இன்னும் இரண்டு என்கிறது 2022ஆம் ஆண்டு யுஜிசி விதி. நம்மவர் விதியை மதிப்பவர். ஐந்தாம் ஆண்டு வரை அதைத் தொந்தரவே செய்யவில்லை. பிறகு ஒரு நாள் நெறியாளர், “நேர்காணலையெல்லாம் பின்னிணைப்பா வைக்கணுமேய்யா, எங்க?” என்று கேட்டுவிட்டார்.

முதலில் மாட்டியது கொழுந்தியாள் மகள். பிளஸ் டூ, தமிழில் நல்ல மதிப்பெண். அந்தப் பெண்ணுக்குக் கொச்சையாக எழுதக் கை வரவில்லை. எழுபது வயதுப் பாட்டி, “வெடியக்கால எந்திரிச்சு நாத்தாங்காலுக்கு ஓடுவோம் தம்பி” என்று சொன்னது, ‘அதிகாலையில் துயிலெழுந்து யாம் நாற்றங்காலுக்கு விரைவோம்’ என்று வந்தது. நம்மவர் படித்துப் பார்த்து, “பரவால்லையே, பாட்டி பிரமாதமா பேசியிருக்கே!” என்றார். பேசும்போது எதிரில் உட்கார்ந்திருந்தவர் இவர்தான். ஆனால் அவளுக்குப் பொதுத்தேர்வு வந்துவிட்டது. மூன்று பதிவோடு சரி.

அடுத்து, மூன்றாம் ஆண்டு மாணவர்கள். ‘களப்பணிப் பயிற்சி, அகமதிப்பெண் ஐந்து’ என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஏறியது. பதிவுகள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இறங்கின. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுகிறவரிடமும் இரகசியம் காப்பேன் என்று கையெழுத்து வாங்குவார்கள். இங்கே எந்த ஊரில் எந்த அம்மாவின் தாலிக்கொடி எந்த அடகுக்கடையில் இருக்கிறது என்பது ஒரே வாரத்தில் கல்லூரி கேன்டீன் வரைக்கும் தெரிந்துவிட்டது.

மாணவர்கள் சிரத்தையாகத்தான் செய்தார்கள். என்ன, ளகரம் லகரமெல்லாம் ஐந்து மதிப்பெண்ணுக்குள் அடங்காது என்று முடிவு செய்துவிட்டார்கள். ‘களை எடுக்கப் போவோம்’ என்று பெண்கள் சொன்ன இடமெல்லாம் ‘கலை எடுக்கப் போவோம்’ ஆயிற்று. நம்மவருக்குப் பதிவைக் கேட்டுச் சரிபார்க்கும் பழக்கம் இல்லை. எழுதி வந்ததைப் பகுத்தாய்வார். பகுத்தாய்ந்தார். நான்காம் இயலில் ‘உழைக்கும் பெண்களிடம் காணலாகும் கலையார்வம்’ என்று ஓர் உட்தலைப்பு முளைத்தது. மழைக்காலத்தில் கலை அதிகமாகிறது, கலைக்கொல்லி வந்த பிறகு குறைகிறது என்று இரண்டு பக்கம். நெறியாளர் படித்திருந்தால் அப்போதே தடுத்திருப்பார்.

பிறகு யாரோ இயந்திரத்தைப் பற்றிச் சொன்னார்கள். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022இல் வெளியிட்ட விஸ்பர், இலவசமாகவே எழுதித் தரும் என்றார்கள். தந்தது. ஆனால் அதற்கு மௌனம் பிடிக்காது. பேச்சு நின்ற இடத்தில், யாருமே சொல்லாத வாக்கியத்தைத் தானாகக் கோத்துவிடும் குணம் அதற்கு உண்டென்று 2024இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டு எழுதினார்கள். அவர்கள் சோதித்த பதிவுகளில் சுமார் நூற்றுக்கு ஒன்றில் இப்படி. நம்மவர் பதிவில், கடன்காரன் வாசலில் வந்து நின்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்த ஓர் அம்மா தொண்டை அடைத்துப் பேச்சை நிறுத்துகிறார். இயந்திரம் அந்த இடத்தில் ‘பார்த்தமைக்கு நன்றி’ என்று போட்டிருந்தது. அதையும் நம்மவர் தகவலாளியின் விருந்தோம்பல் பண்பு என்று எடுத்துக்கொண்டிருப்பார். மொத்தக் கோப்பிலும் அது ஐம்பது தடவை வந்ததால்தான் அவருக்கே சந்தேகம் தட்டியது.

கடைசியில் எல்லா ஆய்வாளரும் வந்து சேரும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே டிடிபி சென்டர். ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங், ரேஷன் கார்டு திருத்தம், முனைவர் பட்டம். உள்ளே, காதில் இயர்போனோடு அக்கா.

வியாசர் சொல்லச் சொல்லப் பிள்ளையார் எழுதிய கதை தெரியும்தானே. நடுவில் நிறுத்தக்கூடாது என்று இவர் நிபந்தனை போட, பொருள் புரிந்துதான் எழுத வேண்டும் என்று அவர் திருப்பிப் போட்டார். டிடிபி சென்டரில் இந்த இரண்டும் கிடையாது. பக்கத்துக்கு எவ்வளவு என்பது ஒன்றே நிபந்தனை.

“தமிழ் பக்கத்துக்கு நாப்பது ரூபா சார். கேட்டு அடிக்கிறதுன்னா எழுபது.”

“ஏம்மா, காதால கேக்குறதுக்கா முப்பது ரூபா?”

“நீங்களே கேட்டுச் சொல்லுங்க சார், நாப்பதுக்கே அடிச்சுத் தர்றேன்.”

அதற்கு மேல் நம்மவர் வாய் திறக்கவில்லை.

“நடுநடுவுல ‘ப்ச்’னு வருது, பெருமூச்சு வருது. அதெல்லாம் போடணுமா?”

“அதெல்லாம் போட்டா பக்கம் கூடுமே?”

“கூடும்.”

“வேணாம், விட்டுரு. சிரிப்பு?”

“சிரிப்பு சும்மா அடைப்புக்குறியில போட்டுடலாம் சார். ஒரு சொல்லுதானே, அதுக்குக் காசு வேணாம்.”

தமிழ்நாட்டுக் கூலிப் பெண்களின் அத்தனை ‘ப்ச்’சும் இப்படித்தான் ஆய்வேட்டிலிருந்து கழிந்தது. அமெரிக்காவில் கெய்ல் ஜெஃபர்சன் என்று ஓர் அம்மையார் இருந்தார். 1963இல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்து, சிறைக் காவலர்களின் பயிற்சிப் பதிவுகளைக் கேட்டு அடித்தவர். படித்தது நடனம். பின்னாளில் மூச்சு, இருமல், சிரிப்பு, ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கிடுவது, பத்தில் ஒரு பங்கு வினாடித் தயக்கம் எல்லாவற்றுக்கும் குறியீடு வகுத்தார். இன்று உலகெங்கும் உரையாடல் ஆய்வாளர்கள் புழங்குவது அந்தத் தட்டச்சுப் பெண்ணின் குறியீட்டைத்தான். எதை எழுதுவது, எதை விடுவது என்று முடிவெடுக்கும்போதே ஆய்வு தொடங்கிவிடுகிறது என்று எலினார் ஓக்ஸ் 1979இல் ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரை நம்மவரின் துணைநூற்பட்டியலில் இருக்கிறது. அதை அடித்ததும் அக்காதான்.

எழுத்துரு விஷயத்தில் ஒரு சின்னப் போர் நடந்தது. அக்கா அடித்தது பாமினியில். நம்மவர் மடிக்கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இறைந்து கிடந்தது. யுனிகோடுக்கு மாற்றியதில் ஒரு வாரம் போயிற்று. அதைவிட முக்கியம், அக்கா அந்தப் பதிவுகளைக் கேட்டுவிட்டார் என்பது. ரிவைண்ட் செய்து, ரிவைண்ட் செய்து, ஒரு சொல் விடாமல். நான்காம் இயலைப் பார்த்துவிட்டு, “சார், அது கலை இல்ல, களை. வயல்ல புடுங்குறது” என்று அவர்தான் சொன்னார். உட்தலைப்பு அன்றே காணாமல் போயிற்று. ஏழாம் எண் அம்மாவும் பத்தொன்பதாம் எண் அம்மாவும் அக்கா தங்கை, சொத்துத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லை, அதனால்தான் கூலிக் கணக்கில் ஒருவர் சொல்வதை மற்றவர் மறுக்கிறார் என்பதும் அக்கா கண்டுபிடித்ததுதான். ஆய்வேட்டில் அது ‘ஆய்வாளரின் நுண்ணிய கள நோக்கு’ என்ற பெயரில் வந்தது.

வாய்மொழித் தேர்வு நாள். மேடையில் பொன்னாடைகள், பின்வரிசையில் ஸ்வீட் காரம் வைத்த அட்டைப்பெட்டிகள். பாக்கிப் பணத்துக்காக வந்திருந்த அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். புறத்தேர்வாளர் நிஜமாகவே படித்து வந்த அபூர்வப் பிறவி. பின்னிணைப்பைப் புரட்டி நிறுத்தினார்.

“இருபத்தெட்டாம் தகவலாளி குடும்பத்தைப் பத்திப் பேசுற இடத்துல அடைப்புக்குறிக்குள்ள ‘சிரிக்கிறார்’னு இருக்கே. அந்த இடத்துல ஏன் சிரிச்சாங்க?”

நம்மவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “ஐயா, அது ஒடுக்கப்பட்ட பெண்ணின் மௌன எதிர்ப்பு. சிரிப்பின் வழியே ஆணாதிக்கக் குடும்ப அமைப்பைக் கேள்விக்குள்ளாக்குகிறார்.”

“அருமை, அருமை!” என்றார் புறத்தேர்வாளர். நெறியாளர் கைதட்டலைத் தொடங்கிவைத்தார்.

அக்கா மிக்சர் பாக்கெட்டைப் பிரித்தபடி என் பக்கம் சாய்ந்தார்.

“வூட்டுக்காரர் என்ன வேலை செய்யுறாருன்னு மூணாவது தடவ கேட்டாரு சார். அவரு செத்து ஆறு வருசமாச்சுன்னு அந்தம்மா அதுக்கு முன்னாடியே ரெண்டு தடவ சொல்லிடுச்சு.”