முக்கால் மணி விருந்தாளி

திருமழபாடியில் கொள்ளிடம் வடக்கே பார்த்துத் திரும்பி ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. மேட்டூர் நிரம்பி முக்கொம்பில் மதகு திறந்தால்தான் ஓட்டம். மற்ற மாதங்களில் மணலும், மணலுக்கு நடுவே போக்குக்காட்டுகிற ஒரு வாய்க்கால் அளவு தண்ணீரும்தான். கப்பல் வர வழியே இல்லை. அதனால், உலகத்து ஆற்றங்கரை ஊர்களிலெல்லாம் கப்பலிலிருந்து இறங்குகிற அந்த ஆசாமி, எங்கள் ஊரில் மட்டும் டெம்போ டிராவலரிலிருந்து இறங்குகிறார்.

பார்த்தவுடன் தெரிந்துவிடும். அறுபதைத் தாண்டியிருப்பார். நல்ல வேலையிலிருந்து நல்லபடியாக ஓய்வு பெற்றவர். வேட்டிக்கு மேல் பெல்ட், பெல்ட்டில் ஒரு பை, கழுத்தில் கயிறு கட்டிய போன், தலையில் டூர்க்காரர்கள் கொடுத்த தொப்பி. அக்குளில் ஒரு தலவரலாற்றுப் புத்தகம், சட்டைப் பையில் ஒரு நோட்டு. செருப்பை வண்டியிலேயே விட்டுவிடச் சொல்லியிருப்பார்கள். பதினொரு மணி வெயிலில் கால் வைத்த கணமே அவருடைய தரிசனம் ஆரம்பமாகிறது. கோபுர நிழல் வரைக்கும் அந்த ஓட்டத்தை வேறெந்த பக்தியாலும் வரவழைக்க முடியாது.

"பதினொண்ணு அம்பதுக்கு எல்லாரும் வண்டியில இருக்கணும். அடுத்தது பழுவூர். அங்க குருக்கள்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், நடை சாத்தாம காத்துக்கிட்டிருப்பாரு" என்று டூர் நடத்துகிற பையன் கத்துவான். அவன் எல்லா ஊர்க் குருக்களிடமும் இதையேதான் சொல்லி வைத்திருக்கிறான். எங்கள் குருக்களும் பழுவூர்க் குருக்களும் ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பதில் வல்லவர்களாகிவிட்டார்கள்.

விருந்தாளியின் முதல் கேள்வி சாமியைப் பற்றியதாக இராது. "பாத்ரூம் எங்க இருக்கு?" இதில் சிரிக்க ஒன்றுமில்லை. காலை ஐந்து மணிக்குக் கும்பகோணத்தில் காபி குடித்தவர், வழியில் நான்கு மூலவர்களைப் பார்த்துவிட்டு வருகிறார். இரண்டாவது கேள்வி, "சாமி கிழக்க பாத்து இருக்காரா, மேற்கயா?" இதற்குப் பதிலைக் கோபுர வாசலிலேயே வாங்கி நோட்டில் எழுதிக்கொள்வார். உள்ளே போனபின் மறந்துவிடக்கூடும் அல்லவா?

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொன்னதாகாது. தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் அத்தனையும் வரிசை எண்ணோடு அதில் இருக்கின்றன. காவிரி வடகரைத் தலங்களில் மழபாடிக்கு எண் 54. பழுவூர் 55. அடுத்த திருக்கானூர் 56. அதற்குக் கொள்ளிடத்தைத் தாண்டித் தென்கரைக்குப் போக வேண்டும். 57, அன்பில்; திரும்பவும் இந்தப் பக்கம். வரிசை வகுத்த பெரியவர்கள் டீசல் விலையை நினைக்கவில்லை. வரிசையை மீறலாமா கூடாதா என்று வண்டிக்குள் கட்சி பிரிந்து சண்டை நடக்கும். ஓட்டுநர் தம்பி எந்தக் கட்சியிலும் சேராமல் கூகுள் வரைபடம் சொன்ன வழியில் போய்விடுவார்.

தலங்களின் மொத்தக் கணக்கிலும் அவருக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 274 என்று நம்பிப் பார்த்து முடித்து, வீட்டில் பாயசம் வைத்துக் கொண்டாடியும் ஆயிற்று. பிறகு யாரோ 276 என்று சொல்லிவிட்டார்கள். திருவிடைவாய்க்குச் சம்பந்தர் பாடிய பதிகம் 1917-இல் அந்தக் கோயில் கல்வெட்டிலிருந்து கிடைத்தது. தமிழுக்கு அது லாபம். இவருக்கு இன்னொரு நாள் வண்டி வாடகை. கல்வெட்டுக்காரர்கள் என்றாலே அன்றிலிருந்து அவருக்கு ஆகாது.

ஆகாது என்பதாலோ என்னவோ, மழபாடிக் கல்வெட்டுகளின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் அவர் நோட்டை விரிப்பார். அந்தச் சுவர்களுக்கு ஒரு கதை இருக்கிறது. முதலாம் ராஜராஜன் தன்னுடைய 28-ஆம் ஆட்சியாண்டில் இங்கே பழைய விமானத்தைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்டச் சொன்னான். பிரிப்பதற்கு முன்னால் சுவரில் இருந்த கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ள உத்தரவு. எழுதிக்கொண்டார்கள். பிறகு ராஜேந்திரன் காலத்தில், புத்தகத்தில் இருந்ததைப் புதுச் சுவரில் திரும்ப வெட்டினார்கள். கோயிலைப் பிரிக்கும்போதுகூட, யாரோ ஒருவர் விளக்குக்குக் கொடுத்த ஆட்டுக்கணக்கு தொலைந்துவிடக் கூடாது என்று நினைத்த நிர்வாகம் அது. இதை ஒருமுறை விருந்தாளி ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். முழுவதும் கேட்டார். "அப்போ நோட்டுப் போடுறது இங்க பழைய வழக்கம்தான்" என்று சொல்லிவிட்டு 54-க்கு எதிரே டிக் அடித்தார். இன்னும் சன்னதிக்குள் போகவில்லை.

உள்ளே அர்ச்சனை. பெயர், நட்சத்திரம், ராசி. தன் பெயரில் தொடங்கி, ஸ்டட்கார்ட்டில் கார் கம்பெனியில் வேலை பார்க்கிற மகன், மருமகள், பேரன், அங்கே போன வருஷம் பிறந்த பேத்தி என்று போய், பேத்திக்கு ஜெர்மனி நேரப்படி நட்சத்திரமா இந்திய நேரப்படியா என்ற சந்தேகத்தில் வந்து நிற்கும். பின்னால் நிற்கிற பதினைந்து பேரும் மணி பார்ப்பார்கள். பார்க்கிறவர்களில் ஒவ்வொருவர் வீட்டிலும் இதே அளவு நட்சத்திரம் உண்டு.

குருக்கள் தலபுராணத்தை மூன்று அளவுகளில் வைத்திருக்கிறார். பெரியது அரைமணி, பங்குனி உற்சவத்தில் மட்டும். நடுத்தரம் பத்து நிமிஷம், உள்ளூர்க் கல்யாண கோஷ்டிகளுக்கு. டெம்போ டிராவலருக்கு என்று தயாரித்தது ஒரே மூச்சு: "புருஷாமிருகம் பூஜை பண்ணின சுவாமி, பிரம்மா பிடுங்கப் பார்த்தார், முடியலை, வைரத்தூணோன்னார், அதனால வஜ்ரதம்பேஸ்வரர், வைத்தியநாதர்னும் பேரு, அம்பாள் சுந்தராம்பிகை, தீபாராதனை பாத்துக்கோங்கோ." பிரம்மா தோற்ற இடத்தில் நம்மவர் தோற்பதில்லை. கற்பூரம் அணைவதற்குள் அடுத்த வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

வைத்தியநாதர் என்ற பெயர் காதில் விழுந்ததும் கூட்டத்தில் ஒருவராவது கட்டாயம் கேட்பார்: "செவ்வாய் சன்னதி எங்க சாமி? நாடி ஜோசியம் பாக்குறவங்க வெளியில இருக்காங்களா?" அது சீர்காழிப் பக்கம், வைத்தீஸ்வரன்கோயில் என்று விளக்கவேண்டும். விளக்கினாலும் முகத்தில் ஓர் ஏமாற்றம் தங்கியிருக்கும். இன்னொருவர் நவக்கிரகம் தேடுவார். எங்கே போனாலும் ஒன்பது சுற்றுச் சுற்றிப் பழகிய கால்கள். இங்கே நந்திக்கு முன்னால் தரையில் மூன்று குழிகள். அவற்றைத்தான் நவக்கிரகமாகப் பாவித்து விளக்கேற்றுகிறார்கள். "மூணு குழியில ஒன்பது கிரகமா? அப்போ மூணு சுத்துப் போதுமா, ஒன்பது சுத்தணுமா?" கணக்கில் கெட்டிக்காரர், நாற்பது வருஷம் தணிக்கைத் துறையில் இருந்தவர். மூன்று போதும் என்று அவரே தீர்ப்புச் சொல்லி ஆறு சுற்றை மிச்சப்படுத்திக்கொள்வார்.

விருந்தாளியின் மனைவிக்கு வேறொரு காரியம் இருக்கிறது. இளைய மகனுக்கு முப்பத்துநான்கு முடிந்துவிட்டது. நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். பங்குனியில் புனர்பூசத்தன்று மாப்பிள்ளை நந்தியெம்பெருமானை அழைத்துக்கொண்டு ஐயாறப்பர் திருவையாற்றிலிருந்து கொள்ளிடம் தாண்டி வருகிறார்; சுயசாம்பிகைக்கு இங்கே தாலி ஏறுகிறது. அன்றைக்கு ஊரில் நிற்க இடம் இருக்காது. அம்மாள் வந்திருப்பதோ ஐப்பசியில்.

"சாமி, நாங்க இவ்வளவு தூரம் வந்திருக்கோம். சின்னதா எங்களுக்காக ஒண்ணு நடத்தக் கூடாதா?"

"மாப்பிள்ளை வீட்டுக்காரா திருவையாத்துலேந்து வரணும்மா. அவாளைக் கேக்காம நான் எப்படி முகூர்த்தம் வைக்கறது?"

"போன வருஷத்து வீடியோ யூடியூப்ல இருக்கே, அதைப் பாத்தா பலன் உண்டா?"

குருக்கள் யோசித்தார். பையன் அமெரிக்காவிலா என்று கேட்டார். ஆமாம் என்றதும், அவனையே பார்க்கச் சொல்லுங்கள் என்றார். எனக்குத் தெரிந்து அன்று அந்த வண்டியில் வந்தவர்களுக்குக் கிடைத்த உருப்படியான யோசனை அது ஒன்றுதான்.

வெளியே வந்ததும் மிச்சமிருக்கிற பத்து நிமிஷத்தில் ஊர் பார்க்க வேண்டும். ஆற்றங்கரை வரைக்கும் போவார். "இதுதான் காவிரியா?" என்பார். கொள்ளிடம் என்று சொன்னால், "எல்லாம் ஒண்ணுதானே" என்று இரண்டு ஆற்றுக்கும் சமரசம் செய்துவைப்பார். அப்போதுதான் அவருக்கு ஜெர்மனி நினைவு வரும். மகனைப் பார்க்கப் போனபோது ஒரு வாரம் மைன் நதியில் கப்பல் பயணம் போனவர் அவர். மைனையும் டான்யூபையும் இணைத்துக் கால்வாய் வெட்டியிருக்கிறார்கள்; 171 கிலோமீட்டர், பதினாறு பூட்டுமதகுகள், 1992-இல் திறந்தது. கப்பலை மதகுக்குள் நிறுத்தித் தண்ணீரை ஏற்றி மேலே தூக்குவதை வருணித்துவிட்டு, "நான் தூங்கிட்டேன், இவதான் பாத்தா" என்பார்.

வெர்த்ஹைம் என்று ஒரு சின்ன ஊரில் காலையில் கப்பல் நின்றதாம். டாபர் என்கிற சிற்றாறு மைனில் கலக்கிற இடம். மலைமேல் இடிந்த கோட்டை, சற்றே சாய்ந்த பழைய கோபுரம், மரச்சட்டம் போட்ட வீடுகள், எந்த வருஷம் வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று சுவரில் கோடு போட்டு எழுதிவைத்த தெரு. இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது. அவரிடம் கேட்டால் சொன்னது: "ஊரு சுத்தம்னா சுத்தம். பாத்ரூமுக்கு மட்டும் ஒரு யூரோ கேட்டான் சார். ஒரு யூரோ!" அங்கேயும் ஒரு பெண் எண் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாளாம். மதியச் சாப்பாடு கப்பலிலேயே. அதற்குள் திரும்பிவிட வேண்டும். அந்த ஊர் ஐஸ்கிரீம் கடைக்காரரும் எங்கள் கோயில் வாசல் டீக்கடை அண்ணாச்சியும் சந்தித்தால் பேசிக்கொள்ள நிறைய இருக்கும். இவர்கள் வண்டிக்குப் பின்னால் தனி வேனில் சமையல்காரர், புளியோதரை, தயிர்சாதம், வடாம், வாழை இலை எல்லாம் வந்துவிடுகிறது. அண்ணாச்சிக்கு மிஞ்சுவது இரண்டு தண்ணீர் பாட்டிலும் ஒரு கேள்வியும்: "இந்த ஊரு ஸ்பெஷல் என்ன?"

திருவையாறு என்றால் அசோகா என்று சொல்லிவிடலாம். எங்களிடம் அப்படிச் சட்டென்று கையில் கொடுக்க ஒன்றுமில்லை. "சுந்தரர் வந்து பாடின ஊரு" என்றார் அண்ணாச்சி. "அது எல்லா ஊருலயும் சொல்றாங்க" என்று பதில் வந்தது.

எல்லா ஊரிலும் சொல்கிறார்கள்தான். ஆனால் இங்கே அது நடந்த விதம் வேறு. சுந்தரர் மழபாடிக்கு வருவதாகவே இல்லை. தென்கரையில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர், திருவாலம்பொழிலில் இரவு படுத்தார். சாமியே கனவில் வந்து, மழபாடிக்கு வர மறந்துவிட்டாயா என்று கேட்டார் என்பது சேக்கிழார் சொல்கிற வரலாறு. விழித்ததும் காவிரியைத் தாண்டி வந்து ஒரு பதிகம் பாடினார். சம்பந்தர் மூன்று பாடியிருக்கிறார், அப்பர் இரண்டு. சுந்தரர் ஒன்றே ஒன்று. கச்சேரி மேடை முதல் பஜனை மடம் வரை இன்று எல்லாரும் பாடுவது அந்த ஒன்றைத்தான். எத்தனை நாள் தங்கினார் என்று யாரும் கணக்குக் கேட்டதில்லை. மாப்பிள்ளை நந்தியும் கல்யாணம் முடிந்த கையோடு திருவையாற்றுக்குக் கிளம்பிவிடுகிறவர்தான். அதனால் முக்கால் மணி விருந்தாளியை நான் முழுசாகப் பழிக்க மாட்டேன். வந்து நின்றது குறைச்சல் என்பது குற்றமில்லை. நின்ற நேரமெல்லாம் பழுவூரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாரே, அதுதான் கொஞ்சம் உறுத்துகிறது. பழுவூரில் அன்பிலைப் பற்றிப் பேசுவார் என்பது எனக்கு ஓர் ஆறுதல்.

பதினொன்று ஐம்பதுக்குப் பையன் சந்தையில் ஆடு எண்ணுகிற மாதிரி தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினான். ஒன்று குறைந்தது. இரண்டாம் தடவை எண்ணியதில் ஒன்று கூடியது. ஐயர் வீட்டுப் பாட்டி ஏசிக்காக ஏறி உட்கார்ந்திருந்தாள். அவளை இறக்கிவிட்டு வண்டி கிளம்பியது. புளியோதரை வாசனை தெருமுனை வரைக்கும் போனது.

சாயங்காலம் நடை திறக்கிற நேரத்தில் குருக்களுக்குப் போன் வந்தது. ஒலிபெருக்கியில் போட்டார்.

"சாமி, நான் காலைல வந்தவன் பேசறேன். மகனுக்கு போட்டோ அனுப்பணும். இன்னைக்கு ஏழு கோயில் ஆயிடுச்சு, எது எந்த ஊருன்னு குழம்பிப் போச்சு. ஒரு போட்டோல நந்தி பக்கத்துல நிக்கிறேன். அது உங்க கோயிலா, பழுவூரா?"

"நந்திக்கு முன்னாடி தரையில மூணு குழி தெரியறதா பாருங்கோ. தெரிஞ்சா நம்ம கோயில்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"தெரியல சாமி. அதை மறைச்சுக்கிட்டுதான் நான் நிக்கிறேன்."