முந்திக் கேட்டவர்

தமிழர் நாலு பேர் கூடி வாழ்கிற இடமென்றால் வேலைக்கு ஒருவராக ஆள் இருப்பார். வரிப் பத்திரம் பார்த்துத் தர ஒருவர், ஆட்டிறைச்சி எங்கே மலிவு என்று சொல்ல ஒருவர், பனி விழுமுன் கார் டயர் மாற்றித் தர ஒருவர். ஒஸ்லோவின் ஹவுகெட்டோவில் இவர்களோடு இன்னொருவரும் உண்டு. நைஜரிலோ மொங்கோலியாவிலோ இருக்கிற எந்தப் பெடியன் அடுத்த வருடம் பெரிய பாடகனாக வரப்போகிறான் என்பதை இவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இதுவரை யாரும் கேட்டதில்லை. அதற்காக அவர் சொல்லாமல் விட்டதும் இல்லை.

பெயர் வேண்டாம். ஹோல்ம்லியாவிலும் இவர் இருக்கிறார், ஸ்காபரோவிலும் இருக்கிறார், ஈஸ்ட் ஹாமிலும் இருக்கிறார். நாங்கள் அண்ணை என்போம். காலையில் எல் 2 ரயிலுக்கு மேடையில் நிற்கும்போது பார்த்தால் கம்பளித் தொப்பிக்கு மேலே சட்டி மாதிரி ஒரு ஹெட்போன். பாட்டுக் கேட்கிறவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். அண்ணை கண்ணை நன்றாகத் திறந்து, “என்ன அண்ணை கேக்கிறியள்?” என்று யார் வந்து கேட்பார்கள் எனப் பார்த்துக்கொண்டு கேட்பார். வாய் தவறிக் கேட்டுவிட்டீர்களோ, போச்சு. ஒஸ்லோ மத்திய நிலையத்துக்குக் கால் மணிநேரம்கூட இல்லை. ஆனால் இறங்கும்போது சகாராவில் பாதி தூரம் நடந்த களைப்பு உங்களுக்கு இருக்கும்.

“எம்டூ மொக்டார் எண்டு ஒருத்தன். நைஜர். வீட்டில கிற்றார் தொடவே விடேல்லை. அவன் என்ன செய்தான்? பலகையை வெட்டி, சைக்கிள் பிரேக் கம்பியை இழுத்துக் கட்டி, தானே ஒண்டு செய்தான்.” கதை உண்மைதான். அவன் பாட்டு இணையத்தில் பரவியதும் இல்லை. கைபேசி மெமரி கார்டில் ஏறி, புளூடூத்தில் கைக்குக் கை மாறிப் பாலைவனத்தைக் கடந்தது. கிறிஸ்டபர் கேர்க்லி என்கிற அமெரிக்கர் அந்தக் கைபேசிப் பாட்டுகளைத் தேடித் தொகுத்து இசைத்தட்டாகப் போட்டார். பிறகு மொக்டார் உலகம் முழுக்கச் சுற்றி வாசிக்கிற ஆளாகிவிட்டான். அங்கேதான் அண்ணைக்கு மனத்தாங்கல். “மெமரி கார்ட்டோட அவன்ர காலம் முடிஞ்சுது. இப்ப எல்லாரும் கேக்கினம்.”

இந்தக் கதையால் ஆதாயம் கண்ட ஒரே இடம் அவர் வீட்டுச் செலவுக் கணக்கு. மகன் மின்கிற்றார் கேட்ட அன்று, “பிரேக் கம்பி காணும்” என்று பதில் வந்ததாம்.

உலகத்தில் மற்றவர்கள் பாடகர்களை ஏறுவரிசையில் மதிக்கிறார்கள். அண்ணையிடம் எல்லாம் இறங்குவரிசை. மாதம் 300 பேர் கேட்கிற பாடகி என்றால் முகம் மலரும். ஆயிரம் என்றால் “கவனிக்க வேணும்” என்பார். பத்தாயிரம் தாண்டினால் நெற்றி சுருங்கும். இலட்சத்தைத் தொட்டால் துக்கம் விசாரிக்கப் போகலாம். கார்ப்பே ராப் குழு 2022 ஓகஸ்டில் ஒஸ்லோ ஸ்பெக்ட்ரம் மண்டபத்தைப் பத்துத் தடவை நிரப்பியபோது, அதில் பாடுகிற சிராக் குஜராத்திப் பெற்றோரின் பிள்ளை என்று அரை ஹவுகெட்டோவும் பெருமைப்பட்டது. மகன் ரிக்கெட் காசு கேட்டு நின்றான். “இவங்கள் கார்ப்பே டியெம் எண்டு திரிஞ்ச காலத்திலேயே எனக்குத் தெரியும்” என்றார் அண்ணை. தெரிந்ததற்கும் ரிக்கெட் வாங்காததற்கும் என்ன தொடர்பு என்று அவனுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்த வருத்தம் அவருக்குப் புதிதாகப் பிடித்ததல்ல. யாழ்ப்பாணத்தில் ரெக்கோடிங் பார் இருந்த காலத்தைச் சேர்ந்தவர். வெற்றுக் கசெற்றையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். எல்லாரும் இளையராஜாவை எழுதிக் கொடுக்க, இவர் கடைக்காரனுக்கே தெரியாத பெயராகப் பார்த்து எழுதிக் கொடுத்திருப்பார். நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ பாடியபோதும், அதைப் பெரிசுகள் காதைப் பொத்திக்கொண்டு கேட்டபோதும், “இது நிக்கும்” என்று யாரோ ஒருவர் சொல்லியிருப்பாரல்லவா? அந்த ஒருவரின் வாரிசு தான் என்பது அண்ணையின் நினைப்பு. பரம்பரை கௌரவமானது. ஐம்பது ஆண்டுக்கு மேல் கேட்போரின் கசெற்றுகளைப் பிரித்து, யாரும் அறியாத குழுக்களை வானொலியில் ஏற்றிய பி.பி.சி.யின் ஜோன் பீலும் இந்தக் குலம்தான் என்பார். (பீல் அங்கே 1967 முதல் 2004 வரைதான் இருந்தார். அண்ணைக்கு வருடம் கூட்டிச் சொல்வதில் ஒரு தாராளம்.)

எதியோப்பியாவின் ஹைலு மெர்கியா கதையால் வந்த வில்லங்கம் வேறு. அவர் எண்பதுகளில் பதிந்த ஒரு கசெற், ஓர் அமெரிக்கர் கையில் அகப்பட்டது. ஆளைத் தேடினால், வாஷிங்டனில் டாக்சி ஓட்டிக்கொண்டிருக்கிறார். சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் வாசிக்க டிக்கியில் கீபோர்ட். இதை வாசித்த நாளிலிருந்து ஒஸ்லோவில் எந்த டாக்சியில் ஏறினாலும் அண்ணை முன்சீற்றில் இருந்துகொண்டு, “நீங்கள் ஊரில என்ன வாத்தியம்?” என்று தொடங்குகிறார். ஒரு சோமாலியச் சாரதி நிதானமாகச் சொன்னாராம்: “நான் ஊரில கணக்கு வாத்தியார்.” அண்ணை மனம் தளரவில்லை, டிக்கியைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். ஒஸ்லோவில் பை:லார்ம் விழா நாட்களில், பெயர் தெரியாத குழுக்கள் சின்னச் சின்ன மண்டபங்களில் அரை மணிநேரம் வாசிக்கும். நேர அட்டவணையில் சிவப்பும் பச்சையும் கோடு போட்டு, இந்த மண்டபத்துக்கும் அந்த மண்டபத்துக்கும் ஓட்டமும் நடையுமாகத் திரிகிற ஒரே தமிழர் இவர்தான். ஒஸ்லோ வேர்ல்ட் விழாவுக்கும் வருடம் தவறமாட்டார். வாசிப்பு முடிந்ததும் மேசையில் அந்தப் பிள்ளைகளே நின்று விற்கிற இசைத்தட்டைக் காசு கொடுத்து வாங்குவார், தன் அளவில் இல்லாத ரீசேர்ட்டையும் சேர்த்து வாங்குவார். பான்ட்கேம்ப் தளம் தன் பங்கை விட்டுக்கொடுக்கிற வெள்ளிக்கிழமைகளில் அண்ணி அவருடைய வங்கி அட்டையை அரிசி வாளிக்குள் ஒளித்து வைக்கிறா. பெரிய நட்சத்திரங்களுக்கு இரசிகர் கோடி. தொடக்கக்காரருக்கு இப்படி நாலு விசரர்தான் கஞ்சி ஊற்றுகிறார்கள்.

இயந்திரத்தின் சிபாரிசு மட்டும் அவருக்கு ஆகாது. ஸ்பொட்டிஃபை ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆளுக்கொரு புதுப் பட்டியல் தருகிறதே, அதைச் சொன்னால், “அது கண்டுபிடிப்பில்லை, பார்சல் சாப்பாடு” என்பார். திங்கள் காலையில் மட்டும் அவர் ஏன் மேடையின் கடைசிக் கோடிக்குப் போய், திரையைக் கையால் மறைத்துக்கொண்டு நிற்கிறார் என்று நான் விசாரிக்கவில்லை.

போன கோடையில் ஒரு சாமத்திய வீடு. கேக் வெட்டி, ரோல்ஸ் சுற்றி முடிந்து, டிஜே பெடியன் பைலாவுக்கு வந்துவிட்டான். ‘சின்ன மாமியே’ போகிறது, மாமாமார் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து அண்ணை மேசையடியில் பெடியனின் காதுக்குள் எதையோ சொல்லி, தன் போனைச் செருகினார். வந்தது சிங்கேலி. தார் எஸ் சலாம் குடிசைப் பகுதிகளில் பிறந்த ஆட்ட இசை, வேகம் நிமிடத்துக்கு 200 அடியைத் தாண்டும், சிலது 300ஐயும் தொடும். மாமாமாருக்குத் தோல்வியை ஒப்புக்கொள்ள மனமில்லை. முதல் அரை நிமிடம் தோளால் பிடித்துப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் இடுப்பைப் பிடித்தார், ஒருவர் தூணைப் பிடித்தார். சமையல் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி ஓடிவந்து, “ஆருக்கேன் வலிப்பு வந்திட்டுதோ?” என்று கேட்டா. அண்ணை மட்டும் வெறுமையான மேடை நடுவே நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். “இன்னும் அஞ்சு வருசத்தில இந்தச் சனம் இதைத்தான் கேக்கும்.”

வேலையிடத்தில் அவருக்கு விழுந்த அடி இதைவிடப் பெரிது. கூட வேலை செய்கிற நோர்வேக்காரர் ஒருவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில், “உங்கட ஆக்களின்ர ‘நீ கிராடர் நூர்’ நல்ல குழு என்ன?” என்று கேட்டிருக்கிறார். மீரா திருச்செல்வம் புல்லாங்குழல், டிபா திருச்செல்வம் கிற்றார். நோர்வேயின் தமிழ்ச் சகோதரிகள், கர்நாடக இசையைப் பிற இசைகளோடு கலந்து வாசிக்கிறவர்கள். குழுவின் பெயருக்கு ‘ஒன்பது பாகை வடக்கு’ என்று அர்த்தம். யாழ்ப்பாணம் ஏறத்தாழ அந்தக் கோட்டில்தான் கிடக்கிறது. அதையும் நோர்வேக்காரரே சொல்லியிருக்கிறார். துவாவின் தொண்டைப் பாட்டு முதல் தோக்கியோ நிலவறைக் குழுக்கள் வரை விரல் நுனியில் வைத்திருக்கிற மனிதர், “ஓமோம், சின்னனிலேயே தெரியும்” என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குள் போய்ப் பதினைந்து நிமிடம் வெளியே வரவில்லை. அன்று பின்னேரம் அண்ணியிடம் செய்தியை உடைத்தபோது அண்ணி கறி கிண்டுவதை நிறுத்தவில்லை. “நான் போன வருசமே சொன்னன். பாட்டுக் கேக்கேக்கை கதைக்காதை எண்டியள்.”

இப்போது வீட்டில் நடப்பது வேறு கூத்து. ஸ்பொட்டிஃபையில் 2024 முதல் ஒரு சட்டம்: பன்னிரண்டு மாதத்தில் 1000 தடவையாவது ஓடாத பாட்டுக்கு உரிமைத்தொகை கிடையாது. அண்ணைக்கு இது தர்மசங்கடம். தான் கண்டெடுத்த மொங்கோலியத் தொண்டைப் பாட்டுப் பெடியனுக்கு நாலு காசு கிடைக்க வேண்டும். அதே நேரம் ஊருக்குத் தெரியவும் கூடாது. யோசித்து, ஆயிரத்துக்குக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்துவது என்று முடிவுகட்டினார். ஒரே ஆள் திருப்பித் திருப்பிக் கேட்டால் செல்லாதாம், கேட்போரும் பலராக இருக்க வேண்டுமாம். அதனால் மகனின் போன், மகளின் போன், அண்ணியின் போன் எல்லாவற்றிலும் இரவிரவாகத் தொண்டைப் பாட்டு ஓடுகிறது. தன் மாமியின் போனையும் விடவில்லை. அதுவரை அதில் சீர்காழியும் கந்தசஷ்டியும்தான் போய்க்கொண்டிருந்தன.

இரண்டு மூன்று கிழமையில் மாமியின் போனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. சீர்காழி முடிந்த கையோடு குதிரை ஓடுகிற சத்தம், அது முடிய உகண்டாப் பறை, பிறகு எந்த நாடென்றே தெரியாத பாட்டுகள். அண்ணி திருத்தித் தரவா என்று கேட்டதற்கு மாமி வேண்டாமென்றுவிட்டா. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு கேட்கத் தோதாக இருக்கிறதாம்.

போன ஞாயிறு நான் போயிருந்தபோது மாமி கட்டிலில் இருந்தா, போன் மடியில் குப்புறக் கிடந்தது. உள்ளே ஒரு பெண் குரல், அடியில் ஏதோ ஒற்றைக் கம்பி வாத்தியம். கேட்டுக்கொண்டே நிற்கலாம் போல இருந்தது. அறைக்கு வெளியே அந்தப் பக்கமாகப் போன அண்ணை அப்படியே நின்றுவிட்டார்.

“நல்லாப் பாடுறாள் என்ன தம்பி?” என்றா மாமி அவரைப் பார்த்து.

“ஓம் மாமி, இது நான் முந்தியே கேட்டது.”

“அப்பிடியே? அப்ப பிள்ளையின்ர பேரைச் சொல்லுங்கோ. எனக்கு இந்த இங்கிலீசு வாசிக்கத் தெரியாது, கலண்டரில எழுதி வைக்கிறன்.”