சாசேஜுக்கு வாய்த்த யோகம்

பிராங்பேர்ட்டில் இரும்புத் துண்டாய்ப் பிறந்தால் சாசேஜுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ள வேண்டும். அங்கேதான் மரியாதை. பிராங்பேர்ட் வட்டாரத்தில் செய்யாத சாசேஜுக்கு ஊர்ப்பெயர் வைத்து விற்கக்கூட ஜெர்மனியில் விடமாட்டார்கள். அதற்குள் ஓர் உலோகச் சிராய் கிடந்தால் சும்மா இருப்பார்களா? தயாரித்தவர் பெயர், தயாரிப்பு எண், காலாவதித் தேதி எல்லாம் அரசின் உணவு எச்சரிக்கைத் தளத்தில் ஏறும். கடைச் சுவரில் தாள் ஒட்டுவார்கள். பில்லைத் தொலைத்தவருக்கும் காசு திரும்பக் கிடைக்கும். நம்மூர் மெஸ்ஸில் சோற்றில் கல் கடித்தால் ஒரு சத்தம் போடுவோமே, அது அங்கே சட்டமாக இருக்கிறது.

அதே மாதிரிச் சிராய், அடைப்பு நீக்க நுழைத்த கம்பியிலிருந்து இதயத் தமனிக்குள் முறிந்து நின்றால் ஆஸ்பத்திரி அறிக்கையில் ஒரு வரி: 'நுனி உள்ளேயே விட்டுவைக்கப்பட்டது.' யார் விட்டார்கள்? செயப்பாட்டு வினையின் சௌகரியமே அதுதான், செய்தவரைச் சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். அந்த இலக்கணத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் சிலையே வைக்கலாம்.

அந்தக் கம்பிக்கும் பிராங்பேர்ட்டுக்கும் பழைய உறவு. 1977 செப்டம்பரில் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் இதயத் தமனியைப் பலூனால் விரித்துக் காட்டினார். அந்த வித்தையை முதலில் கற்றுக்கொண்ட ஊர்களில் பிராங்பேர்ட்டும் ஒன்று. அங்கிருந்துதான் மார்ட்டின் கால்டன்பாக் 1984இல் 'நீண்ட கம்பி' முறையை வெளியிட்டார். எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய வித்தை, மறுக்கவில்லை. ஆனால் பலூனுக்கு வழிகாட்டும் இன்றைய கம்பியின் தடிமன் 0.36 மில்லிமீட்டர். சுண்ணாம்பு படிந்த வளைவிலோ, தமனியை விரித்துவைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய்க்கும் தமனிச் சுவருக்கும் நடுவிலோ சிக்கி, திருகி இழுத்தால் முறியும். அபூர்வம்தான். தோண்டி எடுத்தால் தமனியே கிழியும் என்றால் விட்டுவைப்பதே புத்தி. அதில் எனக்குச் சண்டையில்லை. அந்தத் துண்டின் மேல் ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம், எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் அது சூடேறலாம், நகரலாம். இவ்வளவும் சுமக்கப்போகிறவரிடம் சொன்னார்களா என்பதுதான் என் கேள்வி. கருவித் துண்டுகள் உடலில் தங்கிவிட்டதாக ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 புகார்கள் வருகின்றன என்று 2008இல் சொன்ன அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., துண்டின் அளவு, உலோகம், இருக்குமிடம் எல்லாவற்றையும் நோயாளியிடம் தெரிவியுங்கள் என்று டாக்டர்களைக் கேட்டுக்கொண்டது. படித்த மனிதர்களுக்கு இதைச் சுற்றறிக்கை போட்டா சொல்ல வேண்டும்!

உள்ளே தங்காமல் கரைந்தே போகும் என்று சொல்லியும் ஒரு ஸ்டென்ட்டை விற்றார்கள். அபாட் நிறுவனத்தின் 'அப்சார்ப்'. அமெரிக்கா 2016 வரை யோசித்த சரக்குக்கு ஐரோப்பா 2011இலேயே முத்திரை குத்தியது. கரைவதற்குள் சிலருக்கு அது இடிந்து, தமனியின் நடுவிலேயே சரிந்தது. 2017இல் விற்பனையை நிறுத்தினார்கள். கரைந்தது வியாபாரம் மட்டும்.

2021 மே முதல் ஐரோப்பாவில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவருக்கு அட்டை தர வேண்டும். பெயர், மாடல், வரிசை எண், உற்பத்தியாளர் முகவரி எல்லாம் அதில் இருக்கும். முறிந்த துண்டுக்கு அட்டை கிடையாது. அதை யாரும் வைக்கவில்லையே, விட்டுவைக்கப்பட்டதுதானே.