பத்து நிமிஷம் ஆகும் சார்

ஓட்டலில் நம் காதில் விழுகிற பேச்சில் முழுக்க நம்பத்தக்கது ஒன்றுதான்: "ரவா ரோஸ்ட்டா? பத்து நிமிஷம் ஆகும் சார்." 'ஸ்பெஷல்' என்ற சொல்லுக்குப் பொருள் தேடினால் எந்த அகராதியும் கைகொடுக்காது. 'சுத்தமான நெய்' என்று எழுதி மாட்டிய பலகை, அதுவரை இல்லாத ஒரு சந்தேகத்தைக் கிளப்பிவிடுகிறது. ஆனால் இந்தப் பத்து நிமிஷத்தில் கள்ளம் கிடையாது. கூடினால் பதினைந்தாகுமே தவிர, குறையாது. அப்படியிருந்தும் அதைக் கேட்டதும் பெரும்பாலோர் முகம் சுருங்கிப்போகிறது. "சரி, உடனே என்ன வரும்?" என்று கேட்டு, உடனே வருவதைத் தின்றுவிட்டு, வெளியே வந்து பல் குத்தியபடி "என்ன இருந்தாலும் வீட்டுச் சாப்பாடு மாதிரி வராது" என்கிறார்கள். வீட்டுக்குப் போனால் அதே ஆசாமிதான் தோசையைப் பிய்த்துக்கொண்டே "ஓட்டல்ல மட்டும் எப்படித்தான் இப்படி முறுகலா வருதோ" என்று பெருமூச்சு விடுவார். ஓட்டல்காரரும் சளைத்தவரல்ல, 'வீட்டுச் சுவை' என்று பலகை வைக்கிறார். வீட்டில் பண்ணியது நன்றாக வந்துவிட்டாலோ 'அப்படியே ஓட்டல் மாதிரி' என்பதுதான் பாராட்டு.

இந்த வழக்கை நாம் வழக்கமாக அன்புக்கும் அஜினமோட்டோவுக்கும் நடக்கிற சண்டையாக வாதாடி வந்திருக்கிறோம். வீட்டில் அன்பு கலந்திருக்கிறது, ஓட்டலில் சோடா உப்பு கலந்திருக்கிறது என்பது வாதியின் கட்சி. அன்பு கலந்து கருகிப்போன உருளைக்கிழங்கு வறுவலை இந்தக் கட்சியால் விளக்க முடியாது. என் கட்சி வேறு. சமையலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்? ஆள் பண்டத்துக்காகக் காத்திருந்தால் ஓட்டலைப்போல வராது. பண்டம் ஆளுக்காகக் காத்திருந்தால், அந்தப் பண்டத்தை வீட்டில் சாப்பிடுவதே புத்திசாலித்தனம். சர்வர் "ஆகும்" என்று சொல்வதை ஆர்டர் செய்ய வேண்டும். கேட்ட மாத்திரத்தில் வந்து விழுவதை ஒருமுறை முகர்ந்து பார்க்க வேண்டும்.

முதலில் தோசைக்கல். ஓட்டல் கல் என்பது விரல் கனத்துக்குக் குறையாத, கட்டில் அகலத்துக்கு நீளும் இரும்புத் தகடு. விடியற்காலையில் பற்றவைத்த அடுப்பின் சூட்டை அது உள்ளே குடித்து வைத்திருக்கிறது. மாஸ்டர் ஒரு கை தண்ணீரை அதன்மேல் விசிறுகிறார். சுர்ரென்று ஆவி எழும்புகிறது. துடைப்பத்தால் ஒரு இழு. பார்க்கிறவர்கள் இதைச் சுத்தம் செய்வதாக நினைக்கிறார்கள். உண்மையில் அவர் மேல்சூட்டைத் தணிக்கிறார். கல் அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தால் மாவு படராது. கரண்டியோடு சுருண்டு வந்துவிடும். தணிந்த நொடியில் மாவை ஊற்றிக் கிண்ணத்தின் அடியால் தேய்த்து முடித்தால், அதற்குள் கீழே தேங்கியிருந்த சூடு மேலே ஏறி முறுக ஆரம்பிக்கிறது. வீட்டுக் கல்லிடம் அந்தச் சேமிப்பு கிடையாது. மாவு விழுந்ததும் நடுங்கிப் போகிறது. பர்னருக்கு நேர்மேலே கறுப்பு, ஓரத்தில் வெளுப்பு. நான்ஸ்டிக் கல்லைச் சொல்லவே வேண்டாம். 260 டிகிரிக்கு மேல் போனால் அதன் பூச்சே சிதையத் தொடங்கும் என்பதால் அதைப் பதறாமல் சூடாக்கவும் முடியாது. முதல் தோசை வீட்டில் எப்போதும் பலிதான். ஓட்டலிலும் ஒரு முதல் தோசை உண்டு. அது காலை ஐந்தரைக்கே நடந்து முடிந்துவிட்டது. எட்டு மணிக்குப் போகிறவருக்குக் கிடைப்பது நூற்றுச் சொச்சமாவது தோசை. ரவா ரோஸ்ட்டின் கதை இதைவிட நீளம். அதன் மாவு மோர் பதம். தேய்க்க வராது, உயரத்திலிருந்து தெளிக்கத்தான் வரும். அத்தனை தண்ணீரும் ஆவியாகிப் போன ஓட்டைகள்தான் அதன் அழகு. மெதுவாக முறுகும்வரை அது கல்லில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். அந்த நேரத்தில் இரண்டு மூன்று சாதா தோசை வார்த்துவிடலாம். அதனால்தான் கூட்ட நேரத்தில் சர்வர் அந்தப் பத்து நிமிஷத்தை ஓர் எச்சரிக்கைபோலச் சொல்கிறார். அது எச்சரிக்கையல்ல, உத்தரவாதம்.

இனி ரசம். இதற்கு வேண்டியது கட்டில் அகலக் கல்லல்ல. கண்ணை எடுக்காத ஓர் ஆள். புளித்தண்ணீரில் தக்காளியைக் கரைத்துப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு, பருப்புத்தண்ணீரை விளாவியபின் ஒரு கட்டம் வரும். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி கிளம்பி, மஞ்சள் நுரை வளையமாகக் கூடி, நடுவை நோக்கி நகரும். நடு மூடியதும் இறக்கிவிட வேண்டும். இன்னும் ஒரு கொதி வந்தால் அது ரசமல்ல, காரமான வெந்நீர். காரணம் எளிது. மிளகின் காரத்துக்குப் பொறுப்பான பிப்பரின் லேசில் ஆவியாகாது. மணத்துக்குப் பொறுப்பான எண்ணெய்கள் நீராவியோடு ஓடிவிடும். காரம் நிற்கும், மணம் போய்விடும். ஓட்டலில் பகல் இரண்டரை மணிக்கு வாளியில் வருகிற ரசம் தொண்டையை மட்டும் தாக்கி மூக்கைக் கண்டுகொள்ளாமல் போவது இதனால்தான். இதில் ஓட்டல்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. சூடாகப் பரிமாறுவதைச் சூடாகவே வைத்திருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ஆகவே பதினொன்றரைக்கு நுரை கட்டிய ரசம் மூன்று மணிவரை சட்டப்படி மணத்தை இழந்துகொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு, வாளி காலியாகக் காலியாக மேலே இருந்த தெளிவெல்லாம் முன்னால் வந்தவர்களுக்குப் போய், கடைசியில் உட்கார்ந்தவர் மண்டியைப் பெறுகிறார். பழைய வீடுகளில் ரசத்துக்கென்றே ஈயச்செம்பு இருந்தது. அது காரீயமல்ல, வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே நீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது, செம்பு பிழைக்கும். மறந்துபோய் வற்றவிட்டால் ரசமும் இல்லை, பாத்திரமும் இல்லை. ரசத்தைக் காக்க வைக்காதே என்று மிரட்டுவதற்கென்றே செய்த பாத்திரம் மாதிரி இருக்கிறது. நம் மிளகுத்தண்ணியைக் கண்டு மயங்கிய வெள்ளைக்காரர்கள் அதில் இறைச்சியும் மாவும் சேர்த்து 'முல்லிகட்டானி' சூப் ஆக்கினார்கள் என்றால், அதன் உட்பொருள் வேறொன்றுமில்லை. காத்திருக்கத் தெரியாத ஒரு பண்டத்தை மணிக்கணக்கில் அடுப்பிலேயே கிடக்கும்படி பழக்கிவிட்டார்கள்.

ரசத்தோடு ஒட்டிய மற்றவையும் இதே சாதி. சுட்ட அப்பளம் எந்தச் சாப்பாட்டு ஓட்டலிலாவது உண்டா? தணலிலோ தீயிலோ திருப்பித் திருப்பிச் சுட்டெடுத்தால் கொஞ்ச நேரத்துக்குத்தான் அதற்கு ஆயுசு. பிறகு தோல்போல இழுபடும். பொரித்தது மணிக்கணக்கில் நிற்கும், எனவே ஓட்டலில் பொரித்ததுதான். சாதமும் அப்படியே. ஓட்டலுக்கு உதிரிச் சாதம் வேண்டும். ரசத்துக்குக் குழைந்த சாதம் வேண்டும். குழைந்த சாதத்தைப் பெரிய பாத்திரத்தில் இரண்டு மணி நேரம் வைத்தால் கரண்டியால் எடுக்க முடியாது, கத்தியால் வெட்ட வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு கை உயரும்: "கல்யாணப் பந்தியில் ஆயிரம் பேருக்கு வைக்கிற ரசம் மணக்கவில்லையா?" மணக்கிறது, பல வீடுகளில் கிடைப்பதைவிட நன்றாகவே மணக்கிறது. என் கட்சிக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பந்தி எத்தனை மணிக்கு என்று சமையல்காரருக்குத் தெரியும். எத்தனை இலை என்றும் தெரியும். மாப்பிள்ளை தாமதமானாலும் பந்தி தாமதமாகாது. ரசம் இறங்குவதற்கும் இலைக்கு வருவதற்கும் இடையில் காத்திருப்பு இல்லை. ஆகவே குற்றவாளி அளவு அல்ல, நேரம். பிரியாணிக்கும் இதே நியாயம். தம் உடைக்கிற வேளைக்குப் போகிறவரும், மூன்று மணிக்குப் போய் அண்டாவின் அடியைச் சுரண்டக் கேட்கிறவரும் ஒரே பிரியாணியைச் சாப்பிடவில்லை. சின்ன மெஸ்களின் பெருமையும் இதுதான். பன்னிரண்டரைக்குத் திறந்து இரண்டு மணிக்கெல்லாம் 'சாப்பாடு முடிந்தது' என்று பலகையைத் திருப்பி வைக்கிறார்களே, நட்சத்திரங்களும் சான்றிதழ்களும் அந்தப் பலகைக்கு உறைபோடக் காணாது. அதைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறவர், அங்கே முடியாத சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்.

"இட்லி உடனே வருகிறதே, அது மோசமா?" என்று இன்னொருவர். விதிக்கு விலக்கு உண்டு. இட்லி ஆவியில் பிறந்து ஆவியிலேயே உட்கார்ந்திருக்கும் சாது. கொஞ்சம் காத்திருந்தால் கோபிக்காது. சாம்பாரோ காத்திருக்கக் காத்திருக்கத்தான் பருப்பும் புளியும் காயும் ஒன்றோடொன்று பேசத் தொடங்குகின்றன. அதனால்தான் ஓட்டல் சாம்பாருக்குப் பக்தர்கள் இருக்கிறார்கள், ஓட்டல் ரசத்துக்கு இல்லை. 1948-இல் தொடங்கிய திருவல்லிக்கேணி ரத்னா கஃபேக்கு இட்லியைச் சாம்பாரில் முக்கித் தின்பதற்கென்றே ஆள் வருகிறது. ரசத்துக்காக ஊர் விட்டு ஊர் போய் வரிசையில் நிற்பவர் உண்டா?

கொஞ்சம் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. வீட்டுச் சமையல் எளிது என்று எழுதுகிறவர் சாப்பிடுகிறவராகத்தான் இருப்பார். அடுப்படியில் நிற்பவரிடம் கேட்டால் வேறு விடை வரும். இதற்குச் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். ஆனால் வீட்டில் உழைப்பு எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு கல், நாலு பேர், ஆளுக்கு மூன்று முறுகல் தோசை என்றால் ஒருவர் பன்னிரண்டு தோசை நேரம் அனலில் நிற்கிறார். கடைசியில் அவர் தனக்கு ஊற்றிக்கொள்வது மிஞ்சிய மாவில் ஒரு ஊத்தப்பம். ஓட்டல் கல் ஒரே ஈட்டில் அரை டஜன் வார்க்கும் வேலையை வீட்டுக்காரியின் காலில் கட்டியது யார்? "ஓட்டல் மாதிரி" என்று கேட்ட நாக்குதான். ரசமும் பருப்புத் துவையலும் சுட்ட அப்பளமும் அரைமணி நேர வேலை, யார் வேண்டுமானாலும் வைக்கலாம். 1951-இல் மீனாட்சி அம்மாள் தன் புத்தகத்துக்கு 'சமைத்துப் பார்' என்று பெயர் வைத்தார். அந்த வினைச்சொல்லில் ஆண்பால் பெண்பால் இல்லை. ஏவல் ஒருமை, எல்லாரையும்தான் ஏவுகிறது.

ஆப்பில் தட்டி ஓட்டல் தோசையை வீட்டுக்கே வரவழைப்பவர்கள் இரண்டு உலகின் நன்மையையும் அடைந்துவிட்டதாக நினைக்கிறார்கள். பெட்டிக்குள் அடைபட்ட ஆவி வெளியேற வழியில்லாமல் தோசைக்குள்ளேயே திரும்பப் போகிறது. அரைமணி நேரத்தில் அது நாலாக மடித்த ஈரத்துண்டு. காத்திருந்தது ஆளும்தான், பண்டமும்தான். இருவருக்கும் நஷ்டம், டெலிவரிக் கட்டணம் தனி.

கடைசியாக, என் கட்சியைத் திக்குமுக்காட வைக்கிற பண்டம் ஒன்று இருப்பதை ஒப்புக்கொள்கிறேன்: நேற்று வைத்த மீன் குழம்பு. காத்திருத்தல்தான் அதன் செய்முறையே. மண்சட்டியில் ஓரிரவு கிடந்தால் புளியும் உப்பும் காரமும் மீனுக்குள் இறங்கி, காலையில் அது வேறு பிறவி எடுக்கிறது. காத்திருக்கிற பண்டமெல்லாம் ஓட்டலுக்கு ஆகாது என்று இதுவரை சொன்னேன். காத்திருந்தே சிறக்கிற இது ஓட்டலுக்கென்றே பிறந்ததாக அல்லவா இருக்க வேண்டும்? ஆனால் எந்த ஓட்டலும் 'நேற்றைய மீன் குழம்பு' என்று மெனுவில் அச்சிடத் துணியாது. வீட்டில் அது விருந்து, ஓட்டலில் வழக்கு. சோதனைக்கு வருகிற உணவுப் பாதுகாப்பு அதிகாரி சட்டியின் மூடியைத் திறந்து, முகர்ந்து, நோட்டீஸ் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போவார். அன்று காலை அவர் வீட்டில் இட்லிக்கு எதைத் தொட்டுக்கொண்டு வந்தார் என்று மட்டும் கேட்கக் கூடாது.