திண்ணையும் விதியும்

கட்டடத்தைச் சுற்றி ஒன்றும் கட்டாமல் விடும்படி விதி கேட்கும் நிலத்துக்கு இடைவெளி என்று பெயர். பெரிய காஞ்சிபுரத்தின் பழைய நெசவாளர் தெருக்களில் இதைத் தேடிப் பயனில்லை. பிள்ளையார்பாளையத்துப் பழைய வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். திண்ணை தெருவைத் தொடும், உள்ளே குழித்தறி கிடக்கும், நீளமான பாவு நூலை விரிக்கத் தெரு வேண்டும். வீடு பின்வாங்க இடமும் இல்லை, காரணமும் இல்லை.

2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளுக்கும் இது தெரியும். ‘தொடர் கட்டடப் பகுதி’ என்று ஒரு வகை வைத்து, அங்கே பக்கவாட்டு இடைவெளியை மன்னித்துவிட்டன. முன்புற இடைவெளி மட்டும் வரைபடத்தில் ஒழுங்காக இருக்கும். கட்டி முடிந்ததும் அதில் படிக்கட்டு ஏறும், சாய்தளம் இறங்கும், பட்டுக்கடைப் பெயர்ப்பலகையும் இரண்டு ஸ்கூட்டர்களும் குடியேறும். திண்ணையாவது வழிப்போக்கனை உட்காரவிட்டது.

தொல்லியல் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் தாராளம். இதே ஊரின் கயிலாசநாதர் கோயிலைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடமே கூடாது; அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். இவ்வளவு இடைவெளியை உறுதிசெய்துகொண்ட அந்தக் கட்டடம், எட்டாம் நூற்றாண்டில் வரைபட அனுமதி இல்லாமல் எழுந்தது.