தண்ணீர்மலையில் பூஜ்ய மழை: ஒரு தருக்க ஆராய்ச்சி

மலையில் நெருப்புண்டு, புகை இருப்பதால். தருக்க நூலார் தலைமுறை தலைமுறையாக மாணவர் தலையில் ஏற்றிவரும் அனுமானம் இது. பினாங்கு தண்ணீர்மலை வட்டாரத்து வீட்டு வானிலை நிலையங்களை முன்வைத்து, அதற்குத் தம்பி முறையாகும் இன்னோர் அனுமானத்தை இக்கட்டுரை நிறுவ முனைகிறது: மலையில் மழையுண்டு, மழைமானி பூஜ்யம் காட்டுவதால். அடைமழையில் திரையில் 0.0 என்று நிற்பதைக் கருவியின் கோளாறு என்று சொல்வது அவசரக்காரர் வழக்கம். அது கோளாறன்று, உள்ளே குடித்தனம் நடக்கிறது என்பதற்கான அறிவிப்பு.

சான்றுக்கு வருவோம். அர்த்தசாஸ்திரம் மழையை அளக்கக் களஞ்சியத்தில் ஒரு கிண்ணத்தை வைக்கச் சொன்னது. 1441இல் கொரிய அரசர் செஜோங் காலத்தில் உருவாக்கி, பிறகு ஊர்தோறும் வைத்ததும் வெறும் உருளைப் பாத்திரம்தான். கெடுவதற்கு அவற்றில் ஒன்றுமில்லை. பதினேழாம் நூற்றாண்டில் கிறிஸ்டோபர் ரென் என்ற ஆங்கிலேயர் தானாகக் கவிழும் வாளியைப் புகுத்தினார். வினை அங்கே தொடங்கியது. இன்றைய வீட்டுக் கருவியில் புனலுக்கு அடியில் ஏற்ற இறக்கப் பலகை போல ஆடும் இரட்டைக் கரண்டி இருக்கிறது. பல கருவிகளில் 0.2 மில்லிமீட்டர் மழைக்கு ஒருமுறை அது கவிழும். கவிழும்போது அதிலுள்ள காந்தம் ஒரு சுவிட்சைத் தட்டும். தட்டல்களின் எண்ணிக்கையே மழை. நிழல், ஈரம், மேலே கூரை, தரையிலிருந்து எட்டாத உயரம்: எறும்பும் சிலந்தியும் பல்லியும் இதைவிட வேறென்ன கேட்கும்? ஒரே ஒரு நூலாம்படை கரண்டியைக் கட்டிப்போட்டுவிடும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் ஏறும் மாதங்களில் பினாங்கில் மழை குறைவு. குடிபுக அதுவே தோதான காலம்.

வெயில் நாளிலும் பூஜ்யம்தானே காட்டும், ஏது, அதாவது காட்டிய காரணம், வழுவாதா என்று தருக்கம் படித்தவர் மடக்கலாம். வழுவாது. வெயில் நாளில் பூஜ்யம் காட்டும் பாக்கியம் கழுவிய மானிக்கே உரியது. நம் ஆய்வுப் பொருளோ கழுவாத மானி. இலை அடைத்த புனலில் நேற்றைய மழை தேங்கி, இன்று பளிச்சென்ற வெயிலில் சொட்டுச் சொட்டாக இறங்கி, துணி உலர்த்தும் நேரத்தில் மழை என்று பதிவாகும். ஆக, கொட்டும்போது பூஜ்யமும் காயும்போது மழையும் காட்டி நம் கோட்பாட்டை அது இரண்டு பக்கமும் தாங்குகிறது.

பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் அரசாங்க நிலையம் இருக்கும்போது வீட்டுக்கு எதற்கு என்பது அடுத்த தடை. பாயான் லெப்பாஸ் தீவின் தென்கோடி. இங்கே 833 மீட்டர் உயரப் பினாங்கு மலை முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. அங்கே வெயிலும் இங்கே வெள்ளமுமாக இருப்பது அதிசயமில்லை. புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே என்பாருக்குப் பதில் சுருக்கமானது: பல்லிக்குப் புதுவீடு பிடிக்கும். சன்னலைத் திறந்து பார்த்தால் போதாதா என்பவருக்கு மட்டும் பதில் இல்லை. அவர் சொல்வது சரி. ஆனால் மழை பெய்கிறது என்று சொல்லும் சன்னலுக்கு எவ்வளவு என்று சொல்லத் தெரியாது.

எனவே தீர்ப்பு: பழுதுபார்ப்பு என்று இங்கே பெருமையாகச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி ஏணியும் பழைய பல்துலக்கும் பிரஷும்தான். புனலைக் கழற்றிக் கழுவி, நூலாம்படையை எடுத்து, ரசமட்டம் வைத்துச் சாய்வைச் சரிசெய்யுங்கள். வெப்பமானியின் வெள்ளைத் தட்டுகளில் படியும் பாசியையும் துடையுங்கள்; கறுத்த தட்டு வெயிலை வாங்கிச் சூட்டைக் கூட்டிச் சொல்லும். பிறகு சோதனை: புனல் வாயின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்றால் 200 மில்லிலிட்டர் தண்ணீர் 10 மில்லிமீட்டர் மழைக்குச் சமம், 0.2 கணக்கில் ஐம்பது தட்டல். சொட்டுச் சொட்டாக ஊற்றுங்கள். மடமடவென்று கொட்டினால் கரண்டி கவிழும் இடைவெளியில் தண்ணீர் தப்பிக் கணக்கு குறையும். பெருமழையிலும் இதே கதைதான். செப்டம்பர், அக்டோபரில் இங்கே மழை வலுக்கும். ஆகஸ்டிலேயே ஏணியை எடுத்துவிடுங்கள்.